வால் சக்கர விமானமும் தரையிறங்கும் கலையும்

ஆகாய விமானத்தின் வரலாற்றைக் கூறுங்கால், அது மண்ணை விட்டு எழுந்த நாளையே நாம் பெரிதாகப் பேசுகிறோம். எழுந்த விமானம் பழுதின்றி மீள்வதும் அதற்கு இணையான சாதனையே. சிறு விமானங்கள் பல, வானில் இடரேதும் இன்றிப் பறந்து வந்து, தரையைத் தொட்ட பின்னரே சிறகொடிந்து கிடந்தன. இது விமானியின் பிழையா, விமானத்தின் அமைப்பில் உள்ள குறையா என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் பொருள்.

பழைய சிறு விமானங்களுக்கு முன்புறம் இரு பெரிய சக்கரங்கள். வாலின் அடியில் ஓர் ஊன்றுகட்டை அல்லது சிறு சக்கரம். இவ்வமைப்பு எடை குறைந்தது, எளியது. மூக்கு உயர்ந்து நிற்பதால் சுழல்விசிறி கரடுமுரடான தரையில் மோதாது. ஆயினும் இதில் ஓர் இடர் உண்டு. விமானத்தின் எடைமையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் அமைகிறது. மாடு முன்னின்று இழுக்கும் வண்டி நேராகச் செல்லும். அதே வண்டியைப் பின்னாலிருந்து வேகமாகத் தள்ளினால் சற்றே கோணினாலும் கோணல் வளரும். தரையில் ஓடும் வால் சக்கர விமானத்தின் நிலையும் இதுவே. சிறு திருப்பத்தை விமானி உடனே காலால் சுக்கானை மிதித்துத் தடுக்காவிடில், வால் முன்னே வர முயல, விமானம் பம்பரம்போல் சுழலும். சக்கரத்தின் கால் முறியும்; சிறகின் நுனி மண்ணில் உரசும். அஞ்சித் தடையை அழுத்தமாக மிதித்தாலோ மூக்குக் குத்தி, விசிறி ஒடியும்.

அப்படியாயின் முன்னோர் எவ்வாறு சமாளித்தனர்? அவர்கள் இறங்கியவை புல்தரைகள். காற்று எத்திசையினின்று வீசினும் அதனை எதிர்நோக்கி இறங்க இடமிருந்தது. மண்ணைக் கீறிச் சென்ற ஊன்றுகட்டை, தடையாகவும் வாலை நேராக நிறுத்தும் நங்கூரமாகவும் உதவிற்று. 1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு அஞ்சல் கொணர்ந்த பஸ் மாத் விமானம் இவ்வகையினதே. அது இறங்கிய ஜூஹு, கடலோரத்துச் சேற்றுநிலம். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அஞ்சலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சென்றார்.

பின்னர்க் கெட்டித்தளம் இட்ட ஓடுபாதைகள் வந்தன. அவற்றில் ஊன்றுகட்டை பற்றவில்லை, வழுக்கியது. அதன் இடத்தில் சக்கரம் வந்தது. பாதையின் திசையோ மாறாதது. பக்கக்காற்று வீசும்போதும் அதிலேயே இறங்க வேண்டும். அக்காற்று வாலின் செங்குத்துத் தகட்டைத் தள்ள, விமானம் தானே திரும்ப முனையும். ஆக, விமானியின் திறன் குன்றாதிருந்தும் இறங்கும் தளம் மாறியதால் இடர் மிகுந்தது.

இதனை அமைப்பின் குறையாகக் கண்டு மாற்ற முனைந்தவருள் ஒருவர் அமெரிக்கப் பொறியாளர் பிரெட் வெய்க். மூன்றாம் சக்கரத்தை மூக்கின் கீழ் வைத்து, எடைமையத்தை முதன்மைச் சக்கரங்களுக்கு முன்னே கொணர்ந்தால், கோணிய விமானம் தானே நேராகும். அவர் வடிவமைத்த எர்கூப் 1937இல் பறந்தது. 1956இல் செஸ்னா 172 விற்பனைக்கு வந்தபின் சிறு விமானங்களில் மூக்குச் சக்கரமே பெருவழக்காயிற்று.

நம் நாட்டிலும் இம்மாற்றத்தைக் காணலாம். பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் வி. எம். காட்கே உருவாக்கி 1951இல் பறந்த எச். டி. 2 பயிற்சி விமானமும், 1958இல் பறந்து நாடெங்கும் பறக்கும் சங்கங்களில் பயன்பட்ட புஷ்பக்கும் வால் சக்கரம் கொண்டவை. 1977இல் முதன்முதல் பறந்த எச். பி. டி. 32 பயிற்சி விமானமோ மூக்குச் சக்கரம் உடையது.

மூக்குச் சக்கரத்துக்கும் குறை உண்டு. அதனை முதலில் மோதி இறக்கினால் அதன் கால் முறியும். கரடுமுரடான நிலங்களில் வால் சக்கரம் இன்றும் விரும்பப்படுகிறது. அதனைச் செலுத்துவோர்க்கு ஆசிரியர் கற்பிக்கும் முதல் பாடம், விமானம் முற்றிலும் நிற்கும்வரை பயணம் முடியவில்லை என்பதே. கவனக்குறைவு விமானியுடையது; அக்கணநேரக் கவனக்குறைவைப் பெரும் சேதமாக்கியது அமைப்பு. பல்லாண்டு பயிற்சியால் மட்டுமே போக்க முயன்ற இடரை, ஒரு சக்கரத்தை இடம் மாற்றியதால் பெரிதும் குறைக்க முடிந்தது. விபத்து நேர்ந்தவிடத்துச் செலுத்தியவரை வினவுவதோடு அமையாது, செய்த கருவியையும் வினவ வேண்டும் என்பதை இவ்வரலாற்றால் நாம் அறிகிறோம்.