எங்க கொல்லையும் கோழியும்



நம்ம மாநிலத்தில் மகளிர் சுய உதவிக் குழு 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் ஆரம்பமானது. அந்த வழியில் வந்த எங்க குழுவில் கடன் வாங்கி, ஆறு நாட்டுக்கோழி வளர்த்தேன். அது பக்கத்து வீட்டு அக்காவோட கீரைப் பாத்தியைக் கிளறிடுச்சு. ஒரு வருசம் பேச்சே இல்லை. குழுக் கூட்டத்தில்கூட தள்ளித்தான் உட்காருவோம்.

அப்புறம் வெள்ளைக்கழிச்சல் வந்தது. ரெண்டு வீட்டுக் கோழியும் செத்தது. "நோய்க்கு வேலி தெரியாதும்மா, தெரு முழுக்க ஊசி போடணும்" என்றார் கால்நடை டாக்டர். அக்காதான் முதலில் வாய் திறந்தாங்க: "சேர்ந்தே போட்டுக்கலாம் பாப்பா."

மறுபடி குஞ்சு வாங்கி, எட்டாவது வாரத்தில் எல்லோரும் ஊசி போட்டோம். பாத்தியைச் சுத்தி வலை கட்டினோம். இப்போ என் கோழி எரு அவங்க பாத்திக்கு. அவங்க கீரை என் அடுப்புக்கு. கடனும் அடைஞ்சது, மனத்தாங்கலும் தீர்ந்தது.