பகைவன் எழுதிய தூண்

காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே நாளில் ஊரைச் சுற்றி முடித்துவிடுகிறார்கள். காலையில் காமாட்சி, ஏகாம்பரநாதர், நடை சாத்துவதற்குள் வரதராசப் பெருமாள், மாலையில் பட்டுக்கடை. கயிலாசநாதர் கோயில் ஊரின் மேற்குக் கோடியில், நெசவாளர் வாழும் பிள்ளையார்பாளையத்துப் பக்கம் ஒதுங்கி நிற்பதால், நேரம் மிஞ்சினால் எட்டிப் பார்க்கும் இடமாகிவிட்டது. எனக்கோ காஞ்சி அங்கேதான் தொடங்குகிறது. கருவறையில்கூட இல்லை, மண்டபத்துத் தூண் ஒன்றில்.

கோயிலை எடுத்தவன் இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன். காலம் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். அடித்தளத்தில் கருங்கல்லை வைத்து, மேலே மணற்கல்லால் எழுப்பினான். மணற்கல் உளிக்கு இணங்கும், மழைக்குத் தாங்காது. கால் தூக்கி நிற்கும் சிங்கங்கள் பலவற்றின் முகம் இன்று பொரிந்து போயிருக்கிறது. சில இடங்களில் பிற்காலத்தார் பூசிய சுதை, கல்லின் மேல் இன்னொரு தோலாகப் படிந்திருக்கிறது. திருச்சுற்றை ஒட்டி வரிசையாக 58 சிற்றாலயங்கள். அவற்றில் சிலவற்றின் உட்சுவரில் சிவப்பும் மஞ்சளுமாகப் பல்லவர் கால ஓவியம் ஒட்டிக்கொண்டிருப்பதை 1931இல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் கண்டறிந்தார். அந்த வரிசை நெடுக மன்னன் தன் விருதுப்பெயர்களைப் பொறித்து வைத்தான். ஆகமப்பிரியன், சிவசூடாமணி, வாத்திய வித்தியாதரன் என்று சுமார் 250 பெயர்கள். தன்னை எழுதி எழுதி அலுக்காத அரசன்!

அவ்வளவு பெயர்களுக்கு நடுவே வேறொருவன் கையெழுத்தும் இருக்கிறது. முன் மண்டபத்துத் தூண் ஒன்றின் பின்புறம் கன்னடக் கல்வெட்டு. எழுதுவித்தவன் வாதாபிச் சளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன், பல்லவரின் பரம்பரைப் பகைவன். அவன் சொல்வது இதுதான்: காஞ்சியைக் கைப்பற்றினேன், இராசசிம்மேச்சரம் என்னும் இக்கோயிலின் செல்வத்தைப் பார்த்தேன், எடுத்துக்கொள்ளவில்லை, இறைவனுக்கே திருப்பிக் கொடுத்தேன். அவன் மகன் கீர்த்திவர்மனின் செப்பேடுகளும் இச்செய்தியைக் கூறுகின்றன.

இதன் எடை தெரிய நூறாண்டு பின்னே போக வேண்டும். 642இல் முதலாம் நரசிம்மவர்மன் வாதாபியை வென்றான். வாதாபி கொண்டான் என்றே பெயர் பெற்றான். அவ்வெற்றியைச் சொல்லும் பல்லவர் கல்வெட்டு அவ்வூர்ப் பாறையில் இன்றும் இருக்கிறது. அன்று தோற்ற இரண்டாம் புலிகேசியின் எள்ளுப்பேரன்தான் இந்த விக்கிரமாதித்தன். பழிதீர்க்க எல்லா நியாயமும் அவன் கையில் இருந்தது. எள்ளுப்பாட்டன் காலத்துக் கணக்கைத் தீர்க்க வந்தவன், கோயிலுக்குள் நுழைந்ததும் கணக்கை மாற்றி எழுதிவிட்டுப் போனான்.

வென்றவன் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டது இது, அப்படியே நம்பலாமா என்று கேட்கலாம். ஆனால் கல் வேறு விதமாகவும் சாட்சி சொல்கிறது. அவனுடைய அரசி உலோகமாதேவி காஞ்சி வெற்றியின் நினைவாகப் பட்டடக்கல்லில் எடுப்பித்த கோயில் இன்று விரூபாட்சர் கோயில் எனப்படுகிறது. கயிலாசநாதரைப் பார்த்த கண்ணோடு அங்கே போனால் விமானத்தின் அடுக்குகளும் சுற்றிவரும் சிற்றாலயங்களும் உறவு சொல்லும். பொன்னை விட்டுவிட்டு வடிவத்தை எடுத்துச் சென்றிருக்கிறார்கள்.

அன்று தோற்ற பல்லவன் யார்? அதற்கு ஊருக்குள் வந்து வைகுண்டப் பெருமாள் கோயிலில் நுழைய வேண்டும். திருமங்கையாழ்வார் பாடிய பரமேச்சுர விண்ணகரம் இது. நின்றும் இருந்தும் கிடந்தும் பெருமாள் மூன்று தளங்களில் எழுந்தருளியிருக்கிறார். எடுப்பித்தவன் நந்திவர்மப் பல்லவமல்லன். திருச்சுற்றுச் சுவரில் பல்லவர் வரலாறு படம்படமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் பரமேச்சுரவர்மன் வாரிசின்றி இறந்ததும் ஊர்ப் பெரியோர் இரணியவர்மனிடம் போய் அரசு வேண்டி நிற்பதும், மூத்த பிள்ளைகள் மூவர் மறுக்க, 12 வயது இளையவன் நான் வருகிறேன் என்பதும் அங்கே கல்லிலும் எழுத்திலும் உள்ளன. இச்சிற்பங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு விளக்கியவர் முனைவர் சி. மீனாட்சி. அவர் நூல் 1941இல் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை.

பிள்ளைப் பருவத்தில் முடி சூடிய அந்தப் பல்லவமல்லன்தான் விக்கிரமாதித்தனிடம் காஞ்சியைப் பறிகொடுத்தவன். மீண்டும் பெற்று அறுபதாண்டுகளுக்கு மேல் ஆண்டவனும் அவனே. மணற்கல்லில் சில வரிகளைச் சிதைக்க ஓர் உளியும் ஒரு பகல் பொழுதும் போதும். தன் தோல்வியைச் சொல்லும் எழுத்தைத் தன் முன்னோன் கோயிலிலேயே அவன் விட்டுவைத்தான். பகைவனின் பெருமையில் பாதிக்கு இவனும் பங்காளி.

தூணிடம் மறுபடி வருவோம். கல்வெட்டு ஒரு சாபத்தோடு முடிகிறது. இவ்வெழுத்தை அழிப்பவர், இந்நகரத்துக் கடிகையின் மாசனங்களை, அதாவது கற்றறிந்த பெரியோரை, கொன்றவர் போகும் உலகத்துக்குப் போவார்களாம். காராம்பசுவைக் கொன்ற பாவம் என்று எழுதுவதே நம் கல்வெட்டுகளின் வழக்கம். இவனோ, காஞ்சிக்காரன் நடுங்கும் பாவம் எது என்று தெரிந்து எழுதியிருக்கிறான். கடிகை என்பது இவ்வூர் உயர்கல்விச் சாலை. பின்னாளில் கதம்ப அரசை நிறுவிய மயூரசன்மன் படிக்க வந்ததும் இங்கேதான் என்று தாளகுந்தாக் கல்வெட்டு கூறுகிறது. கன்னட நாட்டுக்குக் காஞ்சி கொள்ளையடிக்கும் ஊராகத் தெரிவதற்கு முன்பே, பிள்ளைகளைப் படிக்க அனுப்பும் ஊராகத் தெரிந்திருந்தது.

அந்தக் கடிகைக்கு இன்று நாம் போய் நிற்க ஒரு திண்ணைகூட இல்லை. அதன் ஆசிரியர்களின் உயிருக்கு என்ன மதிப்பு இருந்தது என்பதை, படையெடுத்து வந்தவன் ஒருவன் அந்தத் தூணில் எழுதி வைத்திருக்கிறான். காஞ்சிக்குப் போனால் பட்டுக்கடைக்கு முன் அந்தத் தூணின் பின்புறத்தைப் பாருங்கள். கன்னடம் தெரிந்தவர் யாரேனும் உடன் வந்தால் இன்னும் நல்லது.