கொழுப்பும் உழைப்பும்: நோர்வேயின் நோய் வரைபடம் பற்றிய ஒரு சமூகவரலாற்றுக் குறிப்பு

நோர்வேயின் கிராமப்புறங்களில் மல்ரிப்பிள் ஸ்கிலெறோசிஸ் எனும் நரம்பு நோய் எவ்வெவ்விடங்களில், எவ்வெத்தொழில் செய்வோரிடையே மிகுந்து காணப்பட்டது என்பதை ஆராய்ந்து, றோய் சுவாங்க் என்னும் அமெரிக்க வைத்தியரும் அவர்தம் சகாக்களும் 1952ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மூளையிலும் முண்ணாணிலும் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் உறையை உடலின் நிர்ப்பீடனக் கலங்களே தாக்கி அழிப்பதால் நேர்வது இந்நோய். பெரும்பாலும் வாலிபப் பருவத்திலேயே தொடங்கி, நடையையும் பார்வையையும் படிப்படியாகப் பறித்துவிடுவது. உள்நாட்டு விவசாயக் குடும்பங்களில் இது மிகுந்தும், மேற்குக் கரையோர மீனவர்களிடையே அருகியும் இருந்ததை அவ்வாய்வு காட்டியது. முன்னவர் வெண்ணெயும் பாலாடையும் இறைச்சியும் உண்டனர். பின்னவர் மீன் உண்டனர். எனவே நிரம்பிய விலங்குக் கொழுப்பே நோயைத் தூண்டுகிறது என்பது சுவாங்கின் முடிபு.

தன்னிர்ப்பீடன நோய்களுக்கும் உணவிலுள்ள கொழுப்பமிலங்களுக்கும் தொடர்புண்டா என்ற வினாவின் வரலாற்றில் இக்கட்டுரைக்குத் தனியிடம் உண்டு. அதன் மருத்துவப் பெறுமதி ஒருபுறமிருக்க, அது வரைந்து காட்டிய படத்தை வேறொரு முறையிலும் வாசிக்கலாம். ஓர் இலக்கிய மாணவன் இத்துறையிற் தலையிடுவதற்கு வேறு நியாயம் இல்லை.

நோர்வேயின் உள்நாட்டு விவசாயி வெண்ணெய் உண்டது தொன்றுதொட்டு வந்த மரபு என எளிதில் எண்ணிவிடுகிறோம். பால் உணவு அங்கு பழையதுதான். ஆனால் பண்ணைகள் பாலையே முதன்மைப் பொருளாகக் கொண்டமை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிகழ்ந்த மாற்றமாகும். அந்நாட்டின் முதற் கூட்டுறவுப் பாற்பண்ணை 1856இல் தொல்கா என்ற மலைக் கிராமத்தில் அமைந்தது. அதன்பின் அமெரிக்காவிலிருந்தும் ருசியாவிலிருந்தும் மலிந்த தானியம் வந்து குவியவே, உள்ளூர்த் தானியச் செய்கை தாக்குப்பிடிக்க முடியாது போயிற்று. விவசாயி கால்நடையின் பக்கம் திரும்பினான். அவன் தட்டில் மிகுந்த கொழுப்பு உலகச் சந்தையின் வழியாகவே வந்து சேர்ந்தது.

கரையோரத்தின் நிலைமை வேறு. அங்கு ஒரே குடும்பம் மீனவக் குடும்பமாகவும் சிறுவிவசாயக் குடும்பமாகவும் இருந்தது. மாரிகாலத்தில் ஆண்கள் லொபோதன் தீவுகளின் கடலுக்குச் செல்ல, வீட்டிலிருந்த பெண்கள் சிறு நிலத்தையும் ஓரிரு பசுக்களையும் பராமரித்தனர். பிடித்த கொட் மீன் உலர்த்தப்பட்டு ஏற்றுமதியாயிற்று. விலைபோகாதவை வீட்டுக்கு மிஞ்சின. 

இவ்விரு கொழுப்புகளுக்கும் நடுவே மூன்றாவதொன்றும் உண்டு. 1869இல் பிரான்சில், மூன்றாம் நெப்போலியன் அறிவித்த பரிசுக்காக, வெண்ணெய்க்கு மலிவான பதிலீடாக மேழ்-மூரியே என்பவர் மாஜரினை உருவாக்கினார். அது படைவீரருக்கும் தொழிலாளருக்கும் உரியதாகக் கருதப்பட்டமை வெளிப்படை. 1902இல் வில்ஹெல்ம் நோர்மான் எனும் ஜேர்மனிய இரசாயனவியலாளர் திரவ எண்ணெயை ஐதரசனேற்றத்தால் திண்மமாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த பத்தாண்டிலேயே, நோர்வேயின் பிரெதிரிக்ஸ்தாத் நகரில் திமிங்கில எண்ணெயைக் கெட்டியாக்கும் ஆலை எழுந்தது. திமிங்கில எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் பல கொண்ட நீண்ட கொழுப்பமிலங்கள் உள்ளன. இன்று ஒமேகா-3 எனப் பெயர் சூட்டி விற்கப்படுபவை இவ்வினத்தவையே. ஆலை இப்பிணைப்புகளை அழித்தது. எஞ்சியவற்றுட் பலவற்றை மாறுபக்க வடிவத்துக்குத் திருப்பியது. அவ்வாறு கெட்டியான கொழுப்பே ஐரோப்பியத் தொழிலாளியின் பாணுக்குப் பூசப்பட்டது. அதே மாஜரின் தொழிலுக்கு இலங்கையின் கொப்பராவும் தேங்காயெண்ணெயும் கப்பலேறின என்பதை நாம் மறத்தலாகாது. சுவாங்க் தம் நோயாளருக்கு மாஜரினையும் ஐதரசனேற்றிய எண்ணெய்களையும் விலக்கினார். அவை எவ்வாறு ஏழையின் உணவாயின என்ற வினா அவர் துறைக்குரியதன்று எனக் கருதினார் போலும்.

1948இல் மொன்றியல் நரம்பியல் நிறுவனத்துக்குச் சென்ற அவர், நிரம்பிய கொழுப்பை நாளொன்றுக்கு 20 கிராமுக்கு மேற்படாது மட்டுப்படுத்தும் உணவுமுறையை வகுத்தார். 144 நோயாளரை 34 ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்த முடிவுகள் 1990இல் வெளிவந்தன. உணவுவிதியை இறுகப் பற்றியவர்களிடையே இயலாமையும் இறப்பும் குறைந்திருந்தன. பொறுமைமிக்க உழைப்பு இது. ஆயின் ஒப்பீட்டுக் குழு எதுவும் இருக்கவில்லை. விதியைக் காக்க முடிந்தமையால் நோய் தணிந்ததா, நோய் தணிந்திருந்தமையால் விதியைக் காக்க முடிந்ததா என்பதை இம்முறையால் அறிய இயலாது. ஒவ்வொரு வேளையும் கொழுப்பைக் கிராம் கணக்கில் நிறுக்கும் ஓய்வும் வசதியும் எவ்வர்க்கத்துக்கு உண்டு என்பதும் கேட்கப்படவேண்டிய வினாவே.

நிர்ப்பீடனத்தைச் சுவாங்க் அடிப்படையாகக் கொள்ளவில்லை என்பதும் சுவையான செய்தி. கொழுப்பால் குருதிக் கலங்கள் ஒட்டித் திரண்டு நுண்குழாய்களை அடைக்கின்றன என்றே அவர் கருதினார். அக்கொள்கை நிலைபெறவில்லை. கொழுப்பமிலத்துக்கும் அழற்சிக்குமான பாலம் வேறு திசையிலிருந்து வந்தது. சில கொழுப்பமிலங்கள் உடலுக்கு இன்றியமையாதவை என 1929இல் பர் தம்பதியர் எலிகளைக் கொண்டு நிறுவினர். கல மென்சவ்விலுள்ள அரக்கிடோனிக் அமிலத்திலிருந்து புரொஸ்ரகிளாண்டின் என்னும் அழற்சித் தூதுப்பொருள்கள் உண்டாவதைப் பின்வந்தோர் கண்டனர். அஸ்பிரின் அவ்வாக்கத்தையே தடுக்கிறது என 1971இல் ஜோன் வேன் காட்டினார். புரொஸ்ரகிளாண்டின் ஆய்வுக்காக அவரும் பேர்க்ஸ்ரோமும் சாமுவேல்சனும் 1982இல் நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். மீனெண்ணெயின் கொழுப்பமிலம் மென்சவ்வில் அரக்கிடோனிக் அமிலத்தின் இடத்தைப் பிடித்தால் வலுக்குன்றிய தூதுப்பொருள்களே பிறக்கும். வாதமூட்டழற்சி நோயாளரிடம் 1980களில் தொடங்கிய மீனெண்ணெய்ப் பரிசோதனைகள் மூட்டுநோவில் ஓரளவு தணிவைக் காட்டின. அத்தணிவு சிறிதாயினும் உண்மையானது.

இங்குதான் பழைய வழுவொன்று புதிய உருவில் நுழைகிறது. சிந்தனையை மூளையின் இரசாயனமாகவே சுருக்கிய மொலஷொத் முதலியோரைக் கொச்சைப் பொருள்முதல்வாதிகள் என ஏங்கெல்ஸ் சாடினார். மீனவனின் வாழ்வு முழுவதையும் ஒரு மூலக்கூறாகச் சுருக்கிக் குளிசையில் அடைப்பதும் அதற்கு இனமானதே. நோர்வேயிலேயே மல்ரிப்பிள் ஸ்கிலெறோசிஸ் நோயாளர் 92 பேரிடம் ஒமேகா-3 சோதிக்கப்பட்டது. 2012இல் வெளியான முடிவின்படி நோயின் செயற்பாட்டில் அது மாற்றமெதனையும் விளைவிக்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 25,871 பேரை ஏறத்தாழ 5 ஆண்டுகள் ஆராய்ந்து 2022இல் வெளியான பரிசோதனையில், விற்றமின் டி பெற்றோரிடையே புதிய தன்னிர்ப்பீடன நோய்கள் 22 வீதம் குறைந்தன. மீனெண்ணெயாற் கண்ட 15 வீதக் குறைவு புள்ளிவிபரவியல்படி உறுதியானதன்று. மீனவன் உண்ட ஈரலில் இவ்விரண்டும் ஒருங்கிருந்தன. அவற்றைப் பிரித்தறியச் சுவாங்கின் வரைபடத்துக்கு வழியிருக்கவில்லை.

நம்மவர் சிலர் மறுதலையான வழுவைப் புரிவர்: யாவும் சமூகக் காரணமே என்று கூறி அமைந்துவிடுவர். அதே 2022இல், அமெரிக்கப் படையினரின் குருதி மாதிரிகளைக் கொண்டு, எப்ஸ்ரைன்-பார் வைரசுத் தொற்றின்பின் மல்ரிப்பிள் ஸ்கிலெறோசிஸ் நேரும் வாய்ப்பு 32 மடங்காகிறது எனக் காட்டப்பட்டது. வைரசு வர்க்கம் பார்த்துத் தொற்றுவதன்று என்று இதற்கு விடையிறுக்கவும் முடியாது. நெருக்கடியும் வறுமையும் மிக்க வீடுகளில் அது சிறுபருவத்திலேயே தொற்றுவது வழக்கம். உயிரியலையும் சமூகத்தையும் தனித்தனிப் பேழைகளில் வைத்துப் பூட்ட முடியாது. நோயாளியிடம் "நீ உண்டதே உன்னைக் கெடுத்தது" என்று கூறும் வைத்தியம் இவ்விரண்டையுமே மறந்தது. எவரும் தமக்கு முன் விரிக்கப்படாத சந்தையிலிருந்து உணவைத் தெரிவதில்லை.

சுவாங்க் கண்ட கரையோரத்தில் இன்று சல்மன் பண்ணைகள் நிறைந்துள்ளன. அம்மீன்களின் தீனிக்குப் பேரு நாட்டுக் கடலின் நெத்தலியிலிருந்து பிழிந்த எண்ணெயும் செல்கிறது. அவ்வெண்ணெய் விலையேறியதால் தாவர எண்ணெய் அதன் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது. இதே தொழில் நடக்கும் ஸ்கொட்லாந்தின் பண்ணைச் சல்மனில், 2006 முதல் 2015 வரையான காலத்துள், நீண்ட ஒமேகா-3 கொழுப்பமிலங்களின் அளவு ஏறத்தாழ அரைவாசியாகியது.