பட்டாளத்து நோய் – 7: காரணம் எழுதாத காகிதம்

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டித் தறிகளில் நெய்வது பேண்டேஜ் துணி. குண்டடிபட்ட காலுக்கு அதைச் சுற்றலாம். பென்ஷன் கேட்கும்போது தழும்பைக் காட்டலாம். ஊரில் ஒருநாளும் வராத வலிப்பு பட்டாளத்தில் வந்தால் எதைக் காட்டுவது?

சென்ற வாரம் சிப்பாய் தரம்வீர் சிங்கை இந்த இடத்தில்தான் விட்டோம். 1985-இல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தவர். சேர்க்கும்போது சோதித்த டாக்டர்கள் எந்த நோயையும் குறிக்கவில்லை. 1994-இல் வலிப்பு நோய், 20 சதவீத ஊனம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 1961-ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிப்படி 20 சதவீதம் போதும். ஆனால் நோய் பணியால் வந்திருக்க வேண்டும், இல்லையேல் பணியால் முற்றியிருக்க வேண்டும். இரண்டுமில்லை என்றது மெடிக்கல் போர்டு. ‘ஃபிட்’ என்று சேர்த்துக்கொண்டதும் பட்டாளத்து டாக்டர், ‘எங்களால் வந்ததல்ல’ என்று கைகழுவியதும் பட்டாளத்து டாக்டர்! இமாச்சல் உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதியிடம் ஜெயித்தவர், இரு நீதிபதிகள் அமர்வில் தோற்றார்.

2013 ஜூலை 2. உச்ச நீதிமன்றம். நோய் பணியால் வந்ததா என்று முடிவு செய்வதற்கான 1982-ஆம் ஆண்டு விதிகளை நீதிபதிகள் பட்நாயக்கும் முகோபாத்யாயாவும் பிரித்தார்கள். சேரும்போது குறிக்கப்படாத நோய் பின்னால் தலைகாட்டி வேலையைப் பறித்தால், அது பணியில் வந்ததாகவே கொள்ள வேண்டும். முன்பே இருந்தது, அன்றைய சோதனையில் பிடிபட்டிருக்காது என்று டாக்டர்கள் கருதினால், அதற்குக் காரணம் எழுத வேண்டும். சிப்பாய் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. சந்தேகத்தின் பலன் அவருக்கே.

அடுத்து போர்டின் காகிதம். முடிவு இருந்தது. அதற்கு ஆதாரமாக ஒரு காரணம்கூட இல்லை. பென்ஷனை மறுத்த அதிகாரியும் அதைக் கவனிக்கவில்லை. தரம்வீர் ஜெயித்தார், வீட்டுக்கு அனுப்பப்பட்டு 19 ஆண்டுகள் கழித்து.

நம் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் முன்னாள் படைவீரர்களும் இனிப் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறி, ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் இந்தத் தீர்ப்பை நீட்டினால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் நீதிபதிகள் படித்தது 1982-ஆம் ஆண்டுப் புத்தகம். 2008 ஜனவரி 1 முதல் பட்டாளத்தை விட்டு வருவோருக்கு வேறொரு புத்தகம் ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. சிப்பாயைக் காப்பாற்றிய அந்த ஒரு விதியை அதில் தேடிப் பார்த்தால்...

காணோம்.

(அடுத்த வாரம்)