ஓரெழுத்துக்குள் ஒரு பெயர்

பெயருக்கு முன்னால் தந்தையின் முதலெழுத்தை இடும் வழக்கம் எமக்குப் பாலர் வகுப்பிலிருந்தே பழகியது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோமரும் இதையொத்த ஒரு வழக்கத்தைக் கல்லில் வெட்டி வைத்தனர்.

உரோம் நகரின் பாந்தியன் கோயில் முகப்பில் 'எம். அக்ரிப்பா எல். எஃப்.' என்று தொடங்கும் இலத்தீன் வரி இன்றும் உள்ளது. விரித்தால், 'லூசியஸின் மகன் மார்க்கஸ் அக்ரிப்பா' என்று வரும். கல்லில் ஒவ்வோர் எழுத்தையும் உளியால் செதுக்க வேண்டும், இடமும் அளவானது. ஆகவே எல்லோரும் அறிந்த சொற்களைச் சுருக்கினார்கள். 'க.பொ.த. சா/த' என்று எழுதினால் எம்மில் எவரும் விளக்கம் கேட்பதில்லை அல்லவா?

எளிய மனிதரின் கல்லறைகளிலும் இவ்வழக்கம் உண்டு. 'எஸ். டி. டி. எல்.' என்ற நான்கு எழுத்துகள், 'மண் உனக்குப் பாரமாகாதிருக்கட்டும்' என்ற வேண்டுதலைக் குறித்தன. இச்சுருக்கங்கள் எமது தீவுக்கும் வந்தன. இங்கு ஏராளமாகக் கிடைத்த 4ஆம், 5ஆம் நூற்றாண்டு உரோம நாணயங்களில், பேரரசரின் பெயருக்கு முன் 'எம் தலைவர்' எனப் பொருள்படும் 'டி. என்.' காணப்படுகிறது.

இவற்றை இன்றும் வாசிக்க முடிவதற்கு ஒரு காரணம் உண்டு. உரோம ஆண்களிடையே பரவலாக வழங்கிய முதற்பெயர்கள் இருபதுக்கும் குறைவு. 'எம்' என்றால் மார்க்கஸ். 'எல்' என்றால் லூசியஸ். எமது 'எம்' அப்படியல்ல. அது முத்தையாவாகலாம், முனியாண்டியாகலாம், மாரிமுத்துவாகலாம்.

பெண்களின் நிலை வேறு. கொர்னேலியஸ் குலத்தில் பிறந்தவள் கொர்னேலியா; அவளுடைய தங்கையும் கொர்னேலியாவே. ஒரு பெண் தன் அடிமைக்கு விடுதலை அளித்தால், அவருடைய கல்லில் 'ஸி' என்னும் எழுத்தைத் தலைமாற்றித் திருப்பிப் போட்டார்கள். 'ஒரு பெண்ணால் விடுவிக்கப்பட்டவர்' என்பது அதன் கருத்து. விடுதலையானவர் ஏற்ற பெயரிலிருந்து அவளது குலம் தெரியும். அவள் எந்தப் பெண் என்பதை அந்த எழுத்துச் சொல்லாது.

இது எமக்கும் அந்நியமான கதையன்று. பாடசாலை இடாப்பில் 'எம். லெட்சுமி' என்றிருப்பவர், திருமணத்தின் பின் 'ஆர். லெட்சுமி' ஆகிறார். பெரகல சந்தியிலிருந்து ஹப்புத்தளைப் பக்கமும் கொஸ்லந்தைப் பக்கமும் ஒரே பெயரில் எத்தனை லெட்சுமிகள்! தந்தையின் எழுத்தும் போய்விட்டால், தோழியைத் தோழியே தேடிக் கண்டுபிடிக்க இயலாது.

எமது மூதாதையர் பலர் தோட்டத்தைக் குறிக்கும் இலக்கம் பொறித்த தகர வில்லையோடு இம்மலைகளுக்கு வந்தவர்கள். அவர்களில் எத்தனையோ பேருக்கு மண்ணின் மேல் ஒரு கல்லும் நிற்கவில்லை. உரோமில் விடுதலை பெற்ற அடிமைக்குக் கிடைத்த அந்த நான்கு எழுத்துகளும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே இந்த நூற்றாண்டு வேளையில், எங்கெங்கோ வாழும் சகோதரிகளிடம் ஒன்று கேட்கிறோம். சங்கப் பதிவேட்டுக்கு விபரம் அனுப்பும்போது முதலெழுத்தோடு நிறுத்திவிடாதீர்கள். தந்தையின் பெயரை முழுமையாக எழுதுங்கள். முதலெழுத்தாகக்கூட இடம்பெறாத தாயின் பெயரையும், பிறந்த தோட்டத்தையும், அதன் பிரிவையும் சேர்த்து எழுதுங்கள். எமக்குக் கல்லும் உளியும் தேவையில்லை, தாளில் இடமுண்டு.