விழுங்கல் உணரிகள்

பக்கவாதம் வந்தவர் விழுங்கும்போது உணவோ நீரோ மூச்சுக்குழாய்க்குள் நழுவும் அபாயத்தைக் கண்டறிய, கழுத்தில் ஒட்டி அணியும் சென்சார்கள். புரையேறி இருமினால் பக்கத்தில் இருப்பவருக்கே தெரிந்துவிடும். தொண்டை உணர்வு மங்கியவரோ இருமாமலேயே நீரை நுரையீரலுக்குள் இழுத்துக்கொள்வார். பிறகு நிமோனியாதான் காட்டிக்கொடுக்கும். 2005இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, மேலோட்டமாகச் சோதித்தால் 37–45 விழுக்காட்டினரிடமும், கருவி கொண்டு சோதித்தால் 64–78 விழுக்காட்டினரிடமும் விழுங்கல் கோளாறு தென்படுகிறது.

கழுத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பது பழைய வழக்கம். பேரியம் கலந்த உணவை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரேயில் பார்ப்பது ஜெரி லோக்மனாலும், மூக்கு வழியே எண்டோஸ்கோப் செலுத்திப் பார்ப்பது 1988இல் சூசன் லாங்மோராலும் நிலைபெற்றன.

அணியும் சென்சாருக்கு அடித்தளம் இட்டவர்களில் அமெரிக்காவின் அக்ரன் பல்கலைக்கழகத்து நரேந்தர் ரெட்டி முதன்மையானவர். குரல்வளை மேல் முடுக்கமானி ஒன்றைப் பொருத்தி, விழுங்கும்போது எழும் அதிர்வை அவர் குழு அளந்தது (1991). நலமானவரிடம் தெளிவாக எழுந்த அலை நோயாளிகளிடம் தணிந்தோ சிதைந்தோ இருந்தது. அதே அலையைத் திரையில் காட்டி, குரல்வளையை உயர்த்தி விழுங்க நோயாளியைப் பழக்கவும் பின்னர் முயன்றனர். துருக்கியில் ஜும்ஹுர் எர்தெகின் அழுத்தமின் சென்சாரைக் கழுத்தில் வைத்து, 1, 3, 5, 10, 15, 20 மில்லிலிட்டர் என நீரைக் கூட்டிக்கொண்டே போனார். நலமானவர் 20 மில்லிலிட்டரையும் ஒரே மடக்கில் விழுங்குவார். நோயாளி எந்த அளவில் அதை இரண்டு மூன்று மடக்காக்குகிறாரோ அதுவே அவருடைய எல்லை (1996). 

முடுக்கமானி அளக்கும் அதிர்வு எதிலிருந்து பிறக்கிறது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. குரல்வளை ஏறியிறங்குவதால் என்பர் சிலர். உணவுக்குழாய் வாய் திறப்பதையும் உணவு பாய்வதையும் சேர்ப்பர் வேறு சிலர். டொராண்டோவில் டாம் சாவ் குழு அதிர்வை இரு திசைகளில் அளக்கும் ஈரச்சு முறையைக் கையாண்டது.

மும்பையில் 2005–06இல் மருத்துவர் பி. எம். தலால் குழு எடுத்த கணக்கில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 145 பேருக்குப் புதிதாகப் பக்கவாதம் வந்தது. வாஷி, செம்பூர், மாட்டுங்காத் தமிழ் வீடுகளில் மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்தவருக்கு முதலில் நீட்டப்படும் ரசமும் மோரும், குழைத்த இட்லியைவிடத் தொண்டைக்கு ஆபத்தானவை; நீர்த்தது வேகமாக இறங்கும்.

2018இல் பொறியாளர் ஜான் ராஜர்ஸின் தொண்டைப் பட்டை ஆஸ்டினில் அறிவிக்கப்பட்டது. 2019இல் பர்டூ பல்கலைக்கழகம் தாடைக்கடியில் ஒட்டும் தசைமின் பட்டையை வெளியிட்டது. இவை விழுங்கலைப் பதிவுசெய்கின்றன. நீர் எந்தக் குழாய்க்குள் போனது என்பதை உறுதிசெய்ய இன்றும் எக்ஸ்ரேயோ எண்டோஸ்கோப்போ வேண்டும்.