பெண் வேடம் பூண்ட பெருமக்கள்

சென்ற ஆண்டு நம் சங்க விழா நாடகத்தில், காலனிப் பெண்கள் எவரும் நடிக்க முன்வாராமையால், இளைஞன் ஒருவன் நல்லதங்காள் வேடம் தாங்கினான். நன்றாகவே நடித்தான். எனினும் சிலர் சீட்டியடித்துக் கேலி செய்தனர். இவ்வாண்டு எவ்வளவு வற்புறுத்தியும் அவன் மேடையேற இசையவில்லை. அப்பிள்ளையின் பொருட்டே இதனை எழுதப் புகுந்தேன்.

அண்மையிலுள்ள திருப்பதியில் மே மாதம் நடைபெறும் கங்கம்மா ஜாதரையை அறியாதார் நம்மில் இலர். பெண்டிரைத் துன்புறுத்திய பாளையக்காரன் ஒருவனை அம்மன் வேடம் மாறி வந்து வதைத்தாள் என்பது அதன் கதை. அங்கே ஆடவர் வேண்டுதலாகச் சேலையுடுத்தி, வளையும் பூவும் அணிந்து வருகின்றனர். அவர்களைக் கண்டு கைகூப்பும் நாம் நம் மேடையில் மட்டும் நகைப்பது ஏனோ!

நாடகத்தில் இவ்வழக்கம் வேறு காரணத்தால் வேரூன்றிற்று. குடும்பப் பெண்கள் மேடையேறுதல் இழுக்கெனக் கருதப்பட்ட காலம் அது. ஆகவே பாய்ஸ் கம்பெனிகளில் மகரக்கட்டு உடையாத சிறுவர்களே ஸ்திரீ பார்ட் போட்டனர். சிவாஜி கணேசனும் இளமையில் சீதையாக நடித்தவரே.

அவ்வை சண்முகம் அவர்கள் 1912இல் திருவனந்தபுரத்தில் பிறந்தார். தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளை ஸ்திரீ பார்ட் நடிகர். ஆண்மகன் ஒருவன் பெண்ணாய் நின்று அவையை உருக்கக்கூடும் என்பதை அக்குழந்தை தன் வீட்டிலேயே உணர்ந்திருத்தல் வேண்டும். 1918இல், ஆறு வயதில், தமையன்மாருடன் சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்வ பால சபையில் சேர்ந்தார். பின்னாளில், முப்பது வயதளவில், ராஜபார்ட்டுக்குரிய பருவத்தில், கூன் விழுந்த மூதாட்டியாம் அவ்வையாக மேடையில் தோன்றினார். அழகு காட்டும் வேடமன்று அது. அக்கிழவியின் பெயரே அவர் பெயரோடு நிலைத்துவிட்டது. 1953இல் ஜெமினியார் 'ஔவையார்' படமெடுத்தபோது அவ்வேடத்தைக் கே. பி. சுந்தராம்பாள் ஏற்றார். அவ்வம்மையாரோ 1935இல் நந்தனாராக ஆண் வேடம் பூண்டவர்!

தெலுங்கு நாட்டிலும் இத்தகையோர் உளர். கூடூர் மார்க்கமாக விஜயவாடா செல்வோர் வழியில் காணும் பாபட்லாவில் 1902இல் பிறந்தவர் ஸ்தானம் நரசிம்மராவ். நடிகர் ஒருவர் வாராத குறைக்குச் சந்திரமதியாக மேடையேறியவர், சத்தியபாமையாய்ப் புகழெய்தி, 1956இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

குரலைக் கீச்சிட்டுச் சிரிப்பு மூட்டுதல் பபூனின் தொழில். அதனை நான் குறை கூறேன். ஸ்திரீ பார்ட்டின் நோக்கமோ வேறு. அங்கே நடிகன் தான் மறைந்து, தாயும் தமக்கையும் பட்ட துயரைத் தன் உடலில் ஏற்றுக் காட்டுகிறான். சென்ற ஆண்டு நம் பிள்ளை செய்ததும் அதுவே. கிணற்றடிக் காட்சியில் முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்ததை நான் கண்டேன். சீட்டியடித்தவர்கள் காணவில்லை போலும்.